மலையகத்திலிருந்து புதிய அனிமே படத்துக்குப் போவது எப்படி: டிக்கெட் முதல் கடைசி பஸ் வரை

சின்ன வயதில் பார்த்த அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர் பெரிய திரையில் திரும்பி வருகிறது என்று ட்ரெய்லர் வந்ததும் என்ன நடக்கும் என்று தெரியும். அன்றிரவே வாட்ஸ்அப் குழு, மறுநாள் வேன் பேச்சு, வார முடிவில் ஆளுக்கு ஆயிரம் ரூபா வசூல். படம் இலங்கையில் ஓடுமா, எந்த மொழியில் ஓடும், எத்தனை மணிக்கு முடியும் என்ற மூன்று கேள்விக்கும் அந்த நேரத்தில் யாரிடமும் பதில் இருக்காது. பணம் திரும்பாமல் போவதும், பாதிப் படத்தில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவதும் இதனால்தான்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக ஒரு அனிமே படத்துக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். டிக்கெட் எடுப்பது சுலபம். இரவில் லயத்துக்குத் திரும்பி வருவதுதான் கஷ்டம். ஆகவே திட்டம் முழுவதையும் திரும்பி வரும் நேரத்திலிருந்து போடுங்கள்.

1. அது எந்த மாதிரிப் படம் என்று பாருங்கள்

பழைய தொடரின் பெயரோடு வரும் படமெல்லாம் ஒரே வகை இல்லை. நீங்கள் முன்கூட்டியே எவ்வளவு பார்த்து முடிக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

நேரடித் தொடர்ச்சி என்றால் முந்தைய பாகங்களைப் பார்க்காமல் போவதில் அர்த்தமில்லை. 2025 யூலை 18 அன்று ஜப்பானில் வெளியான 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' அப்படிப்பட்டது. 2024இல் வந்த ஹஷிரா பயிற்சிப் பாகத்தின் கடைசி எபிசோட் எங்கே முடிந்ததோ அங்கேதான் படம் தொடங்குகிறது, யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை. பல வருடம் கழித்து வரும் தொடர்ச்சியும் இதில் சேரும். 2024இல் வந்த 'கண்டம் சீட் ஃப்ரீடம்' படத்துக்குப் பின்னால் தலா 50 எபிசோட் கொண்ட இரண்டு தொடர்கள் இருக்கின்றன.

தனித்து நிற்கும் படம் வேறு. 'த ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' 2022 டிசம்பரில் வந்தது. 1993 முதல் 1996 வரை ஓடிய 101 எபிசோட் தொடர் எட்டாத போட்டியைத்தான் அது எடுத்துக்கொண்டது. ஆனாலும் பாத்திரங்களின் கதையைப் படத்துக்குள்ளேயே சொல்லிவிடுவதால், தொடரைப் பார்க்காத தம்பியையும் தங்கச்சியையும் தைரியமாகக் கூட்டிப் போகலாம். வருடாவருடம் வரும் டிடெக்டிவ் கோனன் படங்களும் தொடக்கத்திலேயே ஒரு சிறு முன்கதைச் சுருக்கம் தந்துவிடும்.

மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது பழைய எபிசோட்களை வெட்டி ஒட்டிய தொகுப்புப் படம். சுவரொட்டி புதிதாக இருக்கும், உள்ளே இருப்பது நீங்கள் ஏற்கெனவே பார்த்தது. அறிவிப்பில் 'தொகுப்பு' என்றோ, 'சிறப்புத் திரையிடல், அடுத்த பருவத்தின் முதல் எபிசோட் சேர்த்து' என்றோ இருந்தால், அதற்காக ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியதில்லை. கொழும்பில் வேறு வேலை இருந்தால் போங்கள்.

2. பார்த்து முடிக்க வேண்டியதைக் கணக்கிடுங்கள்

சாதாரண எபிசோட் ஒன்று 24 நிமிடம். தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம். இரண்டையும் தள்ளினால் 21 நிமிடம். 'ஹைக்யூ' தொடரின் நான்கு பருவங்களிலும் 85 எபிசோட். பாட்டுகளைத் தள்ளிப் பார்த்தால் 30 மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று பார்த்தால் ஒரு மாதம். பரீட்சைக் காலத்தில் இது நடக்காது. சாதாரண தரமோ உயர்தரமோ எழுதுகிறவர்கள் படத்தையே தள்ளிப்போடுவது நல்லது. அது பிறகு ஸ்ட்ரீமிங்கில் வரும், பரீட்சை அப்படி வராது.

டீமன் ஸ்லேயர் வரிசையில் முதல் பருவம் 26 எபிசோட், பிறகு முகன் ரயில் கதை, அடுத்த மூன்று பாகங்கள் 11, 11, 8. முகன் ரயில் கதை படமாகவும் இருக்கிறது, 7 எபிசோட்களாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்று போதும். படத்தை எடுத்தால் பார்க்க வேண்டியது 56 எபிசோடும் ஒரு படமும்.

டேட்டா: 480பி தரத்தில் எபிசோட் ஒன்றுக்குத் தோராயமாக 300 எம்பி வைத்துக்கொள்ளுங்கள். 56 எபிசோட் என்றால் 16 முதல் 17 ஜிபி. எச்டியில் பார்த்தால் இது மூன்று நான்கு மடங்காகும். கைத்தொலைபேசித் திரையில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆகவே செயலியின் அமைப்புக்குள் போய்த் தரத்தைக் கையால் குறைத்து வையுங்கள். தானியங்கியில் விட்டால் சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் அதுவே எச்டிக்கு ஏறிவிடும்.

உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் தரவிறக்கத்தை அந்த நேரத்துக்கு வைத்துவிட்டுத் தூங்குங்கள். தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று நிற்கும் இடங்களில் தரவிறக்கம் பாதியில் அறுந்து திரும்பவும் முதலிலிருந்து தொடங்கலாம், டேட்டா வீணாகப் போகும். டவுனுக்கு வரும் நாளில் இறக்கிக்கொள்வதே மலிவு. க்ரன்ச்சிரோல், நெட்ஃப்ளிக்ஸ் இரண்டும் இலங்கையில் கிடைக்கின்றன. மியூஸ் ஏசியா யூடியூப் அலைவரிசையிலும் சில தொடர்கள் இலவசமாக உண்டு. சந்தா கட்டுவதற்கு முன், உங்களுக்கு வேண்டிய தொடரின் எல்லாப் பருவங்களும் இலங்கைக்குத் திறந்திருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இந்தியாவில் தெரிவதெல்லாம் இங்கே தெரியாது. தமிழ் டப் விஷயத்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

3. ஜப்பான் திகதியை நம்பி எதையும் பேசாதீர்கள்

ட்ரெய்லரில் வரும் திகதி ஜப்பானுக்குரியது. அங்கே யூலை 18 அன்று வந்த இன்ஃபினிட்டி காசில் இந்தியாவில் செப்டெம்பர் 12 அன்றுதான் வெளியானது. ஏறத்தாழ எட்டு வாரம். இலங்கைக்கு ஒரு படம் வர, உள்ளூர் விநியோகஸ்தர் அதை எடுக்க வேண்டும், தணிக்கை முடிய வேண்டும், தியேட்டர்கள் நேரம் ஒதுக்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் தியேட்டரின் சொந்தப் பக்கத்தில் திகதி வரும். ரசிகர் குழுக்களில் சுற்றும் 'உறுதி' என்ற படத்துண்டுகளை நம்பிப் பணம் சேர்க்காதீர்கள்.

திகதி வந்ததும் பார்க்க வேண்டியது மொழி. ஜப்பானிய ஒலியும் ஆங்கில வசனவரியுமா, ஆங்கில டப்பா? ஒரே தியேட்டரில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் ஓடும். இன்ஃபினிட்டி காசில் இந்தியாவில் தமிழிலும் வெளியானது உண்மை. அதை வைத்து எல்லாப் படமும் கொழும்பில் தமிழில் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. பதிவுப் பக்கத்தில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் மொழி எழுதியிருக்கும். இல்லாவிட்டால் தியேட்டருக்கு அழைத்துக் கேளுங்கள். ஆங்கிலம் வேகமாக வாசிக்க முடியாத பிள்ளைகளைச் சப்டைட்டில் காட்சிக்குக் கூட்டிப் போனால் இரண்டரை மணி நேரமும் பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார், நியாயம்தான்.

மலையகக் காலண்டரையும் பாருங்கள். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம், வார இறுதிகளில் ஹட்டன் பஸ்கள் நிரம்பி வழியும். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம், ஏறுகிற பாதை முழுவதும் வாகன வரிசை. தீபாவளிக்கு முந்தைய நாட்களில் கொழும்பில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாக வீடு திரும்புவார்கள், புறக்கோட்டை பஸ் நிலையத்தில் இருக்கை கிடைக்காது. வீட்டில் காசு கேட்கிற வயதென்றால் சம்பள நாளுக்குப் பிந்தைய சனிக்கிழமையே சரியான நாள்.

ஆனால் இரண்டாம் வாரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். அனிமே படங்களுக்கு முதல் வாரம்தான் காட்சிகள் அதிகம். பிறகு குறைந்துவிடும், மிஞ்சுவது இரவுக் காட்சியாகவும் இருக்கலாம். நமக்கு அது பயன்படாது.

4. காட்சி நேரத்தை வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அதிகம் தவறுவது இங்கேதான். படத்தின் நீளம் மட்டும் கணக்கில்லை. அத்தோடு விளம்பரமும் ட்ரெய்லரும் 15 நிமிடம், இடைவேளை 15 நிமிடம், வெளியே வந்து கூட்டம் சேர 15 நிமிடம். பெயர் ஓடி முடிந்த பிறகு ஒரு சிறு காட்சி வருவது அனிமே படங்களில் வழக்கம், அதற்கும் உட்கார வேண்டும். 155 நிமிடப் படத்துக்கு மூன்று மணி இருபது நிமிடம் வையுங்கள்.

ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு பஸ்ஸில் நான்கு முதல் ஐந்து மணி நேரம். இப்போது இரண்டு காட்சிகளை ஒப்பிடுங்கள்.

காலை 10.30 காட்சி: ஹட்டனில் அதிகாலை 4 மணிக்குள் பஸ் ஏற வேண்டும். 9 மணிக்குக் கொழும்பு. படம் முடிந்து வெளியே வர 1.50. சாப்பிட்டு 3 மணிக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினால் இரவு 8 மணிக்குள் ஹட்டன்.

பகல் 1.30 காட்சி: வெளியே வர 4.50. புறக்கோட்டைக்கு வர 5.30, மாலை நெரிசல் நேரம். அவிசாவளை வரை ஊர்ந்துதான் போக வேண்டும். ஹட்டனை அடைய இரவு 11 ஆகிவிடும். அதன் பிறகு மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயாப் பக்கத் தோட்டங்களுக்கு பஸ் ஏது? ஓட்டோக்காரர் கேட்பதுதான் விலை.

ஆக, ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரே நாளில் போய்வர முடிந்தது முதல் காட்சிக்கு மட்டும்தான். அதுவும் அதிகாலை 4 மணிக்கு டவுனுக்கு வந்து சேர முடிந்தவர்களுக்கு. உட்புறத் தோட்டத்தில் இருப்பவர்கள் முந்தைய இரவே டவுனில் உறவினர் வீட்டில் தங்குவது வழக்கம்.

நுவரெலியாவிலிருந்து கண்டி 77 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். படம் கண்டியில் ஓடினால் கொழும்பை மறந்துவிடுங்கள், நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்தவர்களுக்கும் இதே யோசனைதான். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்கள் கொழும்புக்கு ஒரே நாளில் போய்வர முயல வேண்டாம். ஒரு வழிக்கே ஆறேழு மணி நேரம் போகும். இரவு தங்குவதாக வைத்துக்கொண்டு, மாலைக் காட்சியை எடுங்கள், அப்படியென்றால் அவசரமில்லை.

கடைசி பஸ் நேரத்தை இணையத்தில் தேடாதீர்கள். தரிப்பிடத்தில் நேரக்காப்பாளரிடம் கேளுங்கள், போகும்போது நடத்துநரிடமும் கேளுங்கள். 'கடைசிக்கு முந்தைய பஸ்' எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதுதான் உங்கள் பஸ். கடைசி பஸ் ஆள் குறைந்தால் ஓடாமலே விட்டுவிடும்.

5. பஸ்ஸா, ரயிலா, வேனா

நான்கு பேருக்குக் குறைவென்றால் பஸ்தான். பேச்சே இல்லை.

ரயில் மலிவு, அழகு. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. எந்தப் பகுதிவரை எந்த ரயில் ஓடுகிறது என்பதை உங்கள் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் ரயிலை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஓடினாலும் தாமதத்துக்கு ஒரு மணி நேரம் விடுங்கள். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், பயணத்தின்போது அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் வேன். விலை பேசும்போது கிலோமீட்டர் கணக்கை மட்டும் பேசி முடிப்பதுதான் தவறு. ஐந்து விஷயத்தைச் சேர்த்துப் பேசுங்கள்: கிலோமீட்டர் விலை, காத்திருப்புக் கட்டணம், சாரதியின் பட்டாவும் (நாட்படி) சாப்பாடும், பார்க்கிங், வேன் அதன் வீட்டிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு வந்து திரும்பும் வெற்று ஓட்டம். கடைசியாகச் சொன்னதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள், பில்லில் மட்டும் வரும்.

கணக்கு போடும் விதம் இது. விலையை மட்டும் அன்றைய விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போய்வர 270 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 150 ரூபா என்று வைத்தால் 40,500. பட்டாவும் சாப்பாடும் 3,000. பார்க்கிங் 500. காத்திருப்பும் வெற்று ஓட்டமும் சேர்க்காமல் மொத்தம் 44,000. பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,667. இரண்டு பேர் கடைசி நேரத்தில் நின்றால் 4,400. இந்த 733 ரூபாவில்தான் குழுக்கள் உடைகின்றன. முன்பணம் வாங்கும்போதே 'நின்றால் திரும்பாது, வேறு ஆளைக் கொடுத்தால் திரும்பும்' என்று குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள். சொல்லி வைத்தது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சாரதி அதிகாலை 3 மணிக்கு எழுந்தவர். நீங்கள் படம் பார்க்கும் மூன்று மணி நேரமும் அவர் தூங்க ஒரு நிழலான இடம் தேவை. இரவில் கித்துல்கலையிலிருந்து கினிகத்தேன ஏறும் வளைவுகளை, மழையிலும் பனிமூட்டத்திலும் அவர்தான் ஓட்ட வேண்டும்.

மழைக்காலமென்றால் முந்தைய மாலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உங்கள் பிரதேசத்துக்கோ வழிப் பிரதேசத்துக்கோ செம்மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளுங்கள். சிவப்பு என்றால் அது வீட்டை விட்டே வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

6. டிக்கெட்

கொழும்பில் மல்டிபிளெக்ஸ்கள் இருக்கும் இடங்களில் கொழும்பு சிட்டி சென்டரும் ஒன் கால் ஃபேஸும் புறக்கோட்டைக்குக் கிட்ட, ஓட்டோவில் சிறிது தூரம். ஹெவ்லொக் சிட்டியும் வெள்ளவத்தையும் தூரம், போக்குவரத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் கூடப் போகும். அங்கே டிக்கெட் கொஞ்சம் மலிவாக இருந்தாலும் ஓட்டோவில் அந்த இலாபம் போய்விடும்.

பதிவு பெரும்பாலும் படம் வருவதற்குச் சில நாள் முன்புதான் திறக்கும். அதற்கு முன் செய்து வைக்க வேண்டியவை:

வங்கி டெபிட் அட்டையில் இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கிக்கு அழைத்துக் கேளுங்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்கிற அட்டையெல்லாம் இணையத்தில் வேலை செய்யாது.

ஓடிபி எந்த இலக்கத்துக்கு வரும் என்று பாருங்கள். அப்பாவின் பழைய இலக்கத்துக்கு வரும், அப்பா மலையில் வேலையில் இருப்பார். இருக்கையைத் தெரிவுசெய்த பிறகு பணம் கட்டச் சில நிமிடம்தான் தருவார்கள், அதற்குள் ஓடிபி வராவிட்டால் இருக்கை போய்விடும். சில நேரம் காசும் கழிந்து நிற்கும். அப்படியானால் உடனே இரண்டாம் தடவை கட்டாதீர்கள். மின்னஞ்சலையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் பார்த்து, கழிந்ததற்கான படத்தை எடுத்து வைத்துக்கொண்டு தியேட்டருக்கு அழையுங்கள். பதிவை சிக்னல் நன்றாக இருக்கும் டவுனில் வைத்துச் செய்வதே புத்தி.

பன்னிரண்டு இருக்கை வேண்டுமென்றால் ஒரே ஆள், ஒரே தடவை. ஆளாளுக்குத் தனியாக எடுத்தால் நாலு மூலையில் உட்காருவீர்கள். இணையப் பதிவில் ஒரு தடவைக்கு இருக்கை எண்ணிக்கை வரையறுத்திருந்தால் நேரடியாக அழைத்துக் கேளுங்கள், குழுப் பதிவுக்கு வேறு வழி வைத்திருப்பார்கள். டிக்கெட் விலையோடு சேவைக் கட்டணமும் சேரும், பணம் சேர்க்கும்போதே அதையும் சேர்த்து வாங்குங்கள்.

இருக்கை விஷயத்தில் சப்டைட்டில் படத்துக்குத் தனிக் கணக்கு. வசனவரி திரையின் அடியில் வரும், முன்னால் இருப்பவரின் தலை மறைக்கும். முன் மூன்று வரிசை வேண்டாம், மேலே படத்தையும் கீழே எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கழுத்து போதாது. நடுவிலிருந்து பின் வரிசைக்குள், மத்தியில் எடுங்கள்.

7. கையில் இருக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை முதலில். தணிக்கையில் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று வந்தால் வாசலில் கேட்பார்கள், இரவு தங்கும் விடுதியிலும் கேட்பார்கள். அனிமே என்றால் பிள்ளைகள் படம் என்று வீட்டில் நினைப்பார்கள். ரத்தமும் வெட்டும் உள்ள படத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போய் வாசலில் நிற்காதீர்கள், வகைப்பாட்டை முன்கூட்டியே கேளுங்கள்.

15 வயது நிறைந்தும் அடையாள அட்டை எடுக்காதவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் இருப்பதால் இழுபடுவது இது. படத்துக்காக அவசரமாக எடுத்துவிட முடியாது. அதுவரை பிறப்புச் சான்றிதழின் பிரதி, இருந்தால் தபால் அடையாள அட்டை. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் குழுவாகப் போனால் ஒவ்வொருவருக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். பிள்ளையின் பெயர், போகும் இடம், திகதி, பொறுப்பாகப் போகும் பெரியவரின் பெயரும் இலக்கமும், பெற்றோரின் இலக்கமும் அதில் இருக்க வேண்டும். வழியில் பொலிஸ் நிறுத்திக் கேட்டால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும்.

டிக்கெட்டின் கியூஆர் படத்தை இரண்டு பேரின் போனில் வையுங்கள். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பிய போன் 10 மணிக்கு உயிரோடு இருக்காது. சில்லறைக் காசும் ஒரு கம்பளி மேற்சட்டையும் எடுங்கள். கொழும்பு வெயில் என்று போய், ஏசியில் நடுங்கி, இரவு ஹட்டனில் இறங்கும்போது இன்னொரு தடவை நடுங்க வேண்டாம்.

8. காஸ்பிளே உடுப்பு

படத்தில் வரும் பாத்திரத்தைப் போல உடுத்திக்கொண்டு போக ஆசை இருந்தால் போங்கள். ஆனால் உடையைப் பையில் கொண்டு போய் மாலில் மாற்றுங்கள். வாள் என்றால் ஃபோமில் மட்டும், இரண்டு துண்டாகக் கழற்றும்படி செய்யுங்கள். மரத்திலோ தகரத்திலோ செய்தால் மால் வாசலில் பாதுகாப்பு ஊழியர் வாங்கி வைத்துவிடுவார், பஸ்ஸிலும் ஏற்ற யோசிப்பார்கள். போஸ்டர் கலரில் தீட்டினால் மலை மழையில் சட்டையெல்லாம் ஒழுகும், அக்ரிலிக் பூசி நன்றாகக் காய விடுங்கள். பெரிய விக்கும் தொப்பியும் தியேட்டருக்குள் கழற்றி மடியில் இருக்கட்டும், பின்னால் இருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

திரையைப் போனில் பிடிக்காதீர்கள். தலைப்பு வரும் ஐந்து வினாடிதானே என்று எடுத்து ஸ்டேட்டஸில் போட்டவரை வெளியே அனுப்பத் தியேட்டருக்கு உரிமை உண்டு. குழுவே சேர்ந்து எழும்ப வேண்டி வரும்.

9. படம் இங்கே வராவிட்டால்

முன்பணத்தை அன்றே திருப்பிக் கொடுங்கள். 'அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வோம்' என்றால் அடுத்த தடவை யாரும் தர மாட்டார்கள்.

யாரோ ஒருவரின் சந்தாவில் தோட்டத்து மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டு, ஆளுக்கு நூறு ரூபா வாங்கிக் காட்டலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். வீட்டுச் சந்தா பொதுக் காட்சிக்கு இல்லை, காசு வாங்கினால் சிக்கல் கூடும். தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பிடித்த பிரதியை இறக்கினாலோ, பாதி இருட்டில் யாரோ இருமுகிற சத்தத்தோடு பார்க்க வேண்டும், வசனவரியும் பாதிக்குத் தப்பாக இருக்கும். தியேட்டரில் ஓடிச் சில மாதம் கழித்து முறையான ஸ்ட்ரீமிங்கில் வரும். அதுவரை கதையைக் கேட்காமல் இருக்க யூடியூபில் தொடரின் பெயர் வரும் பரிந்துரைகளுக்கு 'ஆர்வமில்லை' கொடுங்கள், கொழும்பில் இருக்கும் மாமா மகன் இருக்கும் குழுவை மியூட் பண்ணுங்கள்.